இருபத்தைந்தில் மூன்று

காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு
முக்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.
இதுதான் வேலை:
கடிக்க வருவதைக் கடிக்குமுன் பிடிப்பது.
கையில் கண்ணாடிக் குழாய், வாயடைக்கப் பஞ்சு,
நெற்றியில் மங்கலாய் ஒரு விளக்கு.
மணிக்கு ஒரு பை. பைமேல் நேரம் எழுத வேண்டும்.

கூ ஆற்றுப் படுகையில் நெல் பால்பிடித்திருக்கிறது.
தவளைகள் ஒன்றாய் நிறுத்தி ஒன்றாய்த் தொடங்குகின்றன.
சுவருக்கு அந்தப் பக்கம் யாயா இருமுகிறான்,
அவனும் என்னைப்போல் கால் காட்டிப் பிழைப்பவன்.
நேற்று களிம்பு அவனுக்கு, எனக்கு வெறுங்கால்.
இன்று களிம்பு என் முறை.
எலுமிச்சைத் தோலை மண்ணெண்ணெயில் ஊறப்போட்ட வாடை.

பத்து மணிப் பை காலி.
பதினோரு மணிப் பையும் காலி.
கொசு வராமலில்லை.
கடன் கேட்க வந்து வாசலில் தயங்குகிறவன்போல்
முழங்கால்வரை வந்து திரும்பிப் போகிறது.

களிம்பு யாரையும் கொல்வதில்லை.
லமூசா இங்கே இல்லை என்று
என் சார்பில் ஒரு பொய் சொல்கிறது, அவ்வளவே.
பொய்க்கு ஆயுள் நாலு மணி நேரம் சொச்சம்.
ஒன்றேகாலுக்கு
முதலாமவள் கணுக்காலில் இறங்கினாள்.
குழாயைக் கவிழ்த்தேன்.
பிறகு ஒருத்திக்கொருத்தி சொல்லியனுப்பியதுபோல்
விடியும்வரை நாற்பத்திரண்டு.
நேற்றைய வெறுங்காலுக்கு நூற்றுப் பதினாறு.

போபோ நகரத்து ஆய்வுக்கூடத்தில்
அசெத்தா மிலோகோ
வயல் நீரில் அள்ளிய புழுக்களை வளர்த்துப்
பெண்களாய்ப் பொறுக்கி
குழாய்க்கு இருபத்தைந்தாய் ஊதிவிடுகிறாள்.
உள்ளே மருந்து தோய்ந்த தாள். ஒரு மணி நேர அடைப்பு.
சில மல்லாந்து விழுந்தன, காலை உதறின.
செத்தாச்சா, என்றேன்.
நாளைக்குக் கேள், என்றாள்.

மறுநாள் செத்துக் கிடந்தவை மூன்று.
உதறியவற்றில் பாதி எழுந்து நின்றிருந்தது.
மருந்தே காணாத குழாயிலும் ஒன்று செத்திருந்தது,
அது தன் பாட்டுக்கு.
அசெத்தா இரண்டாம் முறை எண்ணினாள்.
எண்ணினால் கூடிவிடும் என்பதுபோல்.

மருந்துக்கே தண்ணி காட்டுதே, என்றேன்.
அவள் ஒரு படத்தை எடுத்துப் போட்டாள்:
கொசுக்காலின் குறுக்குவெட்டு, அறுத்த மரத்தண்டுபோல் வளையம்.
பார், தோல் தடித்துவிட்டது.
மருந்து உள்ளே இறங்குவதற்குள் இவள் போய்விடுகிறாள்.

என் காலைப் பார்த்துக்கொண்டேன்.
இதுவும் தடித்த தோல்தான்.
பதினாறு வயதில் முதுகில் டப்பாவைக் கட்டிப்
பருத்திக்குள் இறங்கிய வெறுங்கால்.
ஒரு பருவத்துக்கு ஆறு முறை அடிப்போம்.
காய்ப்புழு செத்தது, கடன் அடைந்தது,
யார்தான் வேண்டாம் என்பார்கள்?
டப்பாவை வாய்க்காலில்தான் கழுவினேன்.
அங்கேதான் அவளுடைய பாட்டிகளின் பாட்டிகள்
குஞ்சுப்புழுவாய் நெளிந்துகொண்டிருந்தார்கள்.
செத்தவை செத்தன.
சாகாதவை பெற்றன.

என் வீட்டு வலையில் இருப்பதும்
அந்த மருந்துக்கு ஒன்றுவிட்ட தம்பியாம்.

பிழைத்த இருபத்திரண்டுக்கும்
சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு வைத்திருந்தாள்.
சோதனை நாளில் பட்டினி போடக் கூடாதாம், கணக்குக் கெட்டுவிடும்.
வலைமேல் உட்கார்ந்து பஞ்சை உறிஞ்சின.
எந்த வயல் பஞ்சு என்று நான் கேட்கவில்லை.

களிம்புக் குழாயை எடைபோட்டுத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.
வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு பட்டாணியளவு கிடையாது.
மூன்று இடத்தில் தைத்த நீல வலைக்குள்
பிபாத்தா சுவரோரம், சலிமாத்தா குறுக்கே.
காலை நீட்டினேன்.
சலிமாத்தா தூக்கத்திலேயே மூக்கைச் சுளித்து
என் முழங்காலை முகர்ந்தாள்.
அப்பா, இந்த வாடை நல்லாயிருக்கு,
நாளைக்கும் பூசிக்கோ.

நாளைக்கு எனக்கு வெறுங்கால்.